தாய்க் கணினியில் தமிழ் இருக்கிறதா?

பழைய கணினி வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்று பதில் சொன்ன தமிழ்ப்பள்ளியை நான் இதுவரை பார்த்ததில்லை. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் பல ஒரு காலத்தில் தோட்டப்பள்ளிகளாக இருந்தவை. தோட்டம் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, சனங்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்த பிறகும் பள்ளி மட்டும் தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு அங்கேயே நிற்கிறது. அங்கே படித்தவர்களும் அதை மறப்பதில்லை. தங்கள் அலுவலகத்தில் இருபது கணினிகளைக் கழிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், அவர்கள் முதலில் அழைப்பது படித்த பள்ளியின் தலைமையாசிரியரைத்தான்.

அப்படிக் கழிக்கப்படும் கணினிகள் இப்போது நிறையவே கிடைக்கின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இண்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாவது தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். எட்டு ஜிபி நினைவகத்தோடு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகூட இந்த ஒரு காரணத்தால் அலுவலகத்துக்கு வேண்டாததாகிறது. அலுவலகத்துக்கு வேண்டாததுதான், ஆனால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது போதும், மிச்சமும் இருக்கும்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பள்ளிக்கு இப்படி 24 கணினிகள் வந்தன. ஒரு கணினியைத் துடைத்து, புதிய இயங்குதளம் ஏற்றி, எழுதும் செயலி, பிரிண்டர், பிள்ளைகளுக்கான பயிற்சி மென்பொருள் எல்லாம் போட்டு முடிக்கச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். 24 கணினிக்கு 36 மணி நேரம். சனிக்கிழமை காலையில் வந்து மாலையில் வீடு திரும்ப நினைக்கும் நாலு தன்னார்வலர்களால் முடிகிற காரியமா? போதாக்குறைக்கு, ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் செய்தால் ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. "டீச்சர், எனக்கு அந்தப் படம் வரல" என்ற குரல் ஆண்டு முழுக்க ஒலிக்கும்.

ஈப்போவில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்யும் ஓர் அண்ணன்தான் அன்று தலைமை தாங்கினார். ஒரே ஒரு கணினியை மட்டும் மேசைமேல் எடுத்து வைத்தார். மற்ற 23-ஐயும் தொடவே இல்லை. அந்த ஒன்றிலேயே மதியச் சாப்பாடு வரைக்கும் உட்கார்ந்திருந்தார். உதவிக்கு வந்த பெற்றோர்களுக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, மத்ததெல்லாம் எப்ப?" என்று ஒருவர் கேட்டார். "இது சரியா முடிஞ்சா மத்தது தானா முடியும், தம்பி. சாப்டுட்டு வாங்க" என்றார்.

அவர் செய்துகொண்டிருந்ததற்குப் பெயர் டிஸ்க் இமேஜ் தயாரிப்பது. ஒரு கணினியை முழுசாகத் தயார் செய்து, அதன் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே ஒரு கோப்பாகப் படி எடுத்து, அந்தப் படியை வலையமைப்பு வழியாக மற்றக் கணினிகளில் இறக்குவது. நம் ஊர்க் கணினிக் கடைகளில் பழைய ஆட்கள் இதைக் 'கோஸ்ட் போடுவது' என்பார்கள். கோஸ்ட் என்பது ஒரு மென்பொருளின் பெயர். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மரே ஹஸார்ட் என்பவர் 1995-இல் உருவாக்கியது. 1998-இல் சைமென்டெக் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. போட்டோ பிரதி எடுப்பதை 'ஜெராக்ஸ்' என்று சொல்கிறோமே, அதுபோல வேலைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அன்று அண்ணன் பயன்படுத்தியது குளோன்ஸில்லா. தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவானது, இலவசம், பள்ளிக் கணினி அறைகளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும்.

இமேஜ் என்றதும் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே கோப்பும் பெரிதாக இருக்குமோ என்று நினைக்க வேண்டாம். 256 ஜிபி டிஸ்க்கில் 20 ஜிபி மட்டும் நிரம்பியிருந்தால், நிரம்பிய இடத்தை மட்டும் படி எடுத்துச் சுருக்கி வைக்கும். அன்று வந்தது சுமார் 8 ஜிபி. ஒரு சின்னப் பெண்டிரைவில் அடங்கிவிடும் ஒரு கணினி அறை.

அந்த 8 ஜிபி மற்றக் கணினிக்கு எப்படிப் போகிறது என்பதுதான் எனக்கு அன்றைக்குப் பிடித்த பகுதி. ஆள் குடியிருக்கும் வீட்டுக்குத் தரை மாற்ற முடியாது. அதுபோல, ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் இயங்குதளத்தை ஓட்டிக்கொண்டே அதே டிஸ்க்கை அழித்து எழுத முடியாது. ஆகவே கணினியை ஹார்ட் டிஸ்க் பக்கமே போகவிடாமல், வலைக் கேபிள் வழியாக எழுப்ப வேண்டும். இதற்கு பிஎக்ஸ்இ என்று பெயர். இண்டெல் வகுத்த முறை. பொத்தானை அழுத்தி, பெரும்பாலான கணினிகளில் எஃப்12-ஐத் தட்டினால், கணினி கேபிளில் குரல் கொடுக்கும்: நான் யார், எனக்கு என்ன முகவரி, எங்கே போக வேண்டும்? சர்வராக வைத்திருக்கும் மடிக்கணினி அதற்கு ஒரு முகவரியைத் தந்து, ஒரு சின்ன நிரலையும் அனுப்பும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி லினக்ஸ் நினைவகத்தில் மட்டும் ஓடத் தொடங்கும். இப்போது ஹார்ட் டிஸ்க்கில் குடியிருப்பவர் யாரும் இல்லை. இமேஜை இறக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பள்ளியில் இருந்தது பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச். அதில் நடைமுறையில் விநாடிக்கு 11 எம்பி போகும். 8 ஜிபிக்கு ஏறக்குறைய 12 நிமிடம். ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக அனுப்பினால் 23 கணினிக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல். ஆனால் அன்று அப்படி அனுப்பவில்லை. மல்டிகாஸ்ட் என்ற முறையில் ஒரே ஒரு முறைதான் அனுப்பினார். சர்வர் ஒரு முறை பேசியது. 23 கணினியும் ஒன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டன.

என் தொழிலே இதுதான் என்பதால் சட்டென்று புரிந்துவிட்டது. நான் ஸ்டூடியோவில் ஒரு முறைதான் பேசுகிறேன். தெலுக் இந்தானில் சமைத்துக்கொண்டிருக்கும் அக்காவும், நெடுஞ்சாலையில் லாரி ஓட்டும் அண்ணனும் அதே அலையைத்தான் பிடிக்கிறார்கள். கேட்பவர் பத்துப் பேரானாலும் பத்தாயிரம் பேரானாலும் எனக்குத் தொண்டை கூடுதலாக வலிக்கப் போவதில்லை. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. வானொலியில் மெனோரா சுரங்கப் பாதைக்குள் நுழைந்த அண்ணனுக்கு ஒரு வரி தவறினால் தவறியதுதான். கணினிக்கு அது கட்டுப்படியாகாது. ஒரு துண்டு தவறினாலும் இயங்குதளம் எழும்பாது. ஆகவே கேட்கும் ஒவ்வொரு கணினியும், "வந்தது" என்று பதில் தருகிறது. வராவிட்டால் அந்தத் துண்டு மறுபடி அனுப்பப்படுகிறது. அதாவது, எல்லாரும் மெதுவான ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள். அன்று 17-ஆம் எண் கணினியின் கேபிளை எலி கடித்திருந்தது. அது தடுமாறத் தடுமாற மொத்த அறையும் ஊர்ந்தது. அதைக் கழற்றி வைத்த பிறகு மற்ற 22-ம் கால் மணி நேரத்துக்குள் முடிந்தன. 17-க்குப் புதுக் கேபிள் போட்டுத் தனியாக அனுப்பினோம்.

நெட்வொர்க் வித்தை அவ்வளவுதான். அறிவு தேவைப்படும் இடம் சாப்பாட்டுக்கு முன்பு நடந்த அந்த மூன்று மணி நேரம். அதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியவர் கணினியையே தொட்டறியாத என் பெரியப்பா.

அவர் இளைஞராக இருந்தபோது தோட்டத்து நாற்றங்காலில் ஒட்டுக்கட்டும் வேலை செய்தவர். ரப்பர் கதை நம் பேராக்கில் விதையில்தான் தொடங்கியது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த நாற்றுகளில் ஒன்பதைக் கோலகங்சாரில் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் வேலிக்குள் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஆனால் விதையில் முளைத்த மரத்தை நம்ப முடியாது. ஒரு மரம் மங்கு நிறையப் பால் தரும், பக்கத்து மரம் அடிமங்குக்கும் தராது. 1910-களில் ஜாவாவிலும் சுமத்திராவிலும் டச்சுக்காரர்கள் கண் ஒட்டும் முறையைக் கண்டுபிடித்தார்கள். நன்றாகப் பால் தரும் ஒரு தாய் மரத்தின் கண்ணைச் சீவி எடுத்து, சாதாரண நாற்றின் பட்டையில் பதித்துக் கட்டுவது. கண் பிடித்ததும் மேல் பாகத்தை வெட்டிவிட்டால், அடியில் வேர் யாருடையதாக இருந்தாலும் மேலே வளர்வது அந்தத் தாய் மரமேதான். இதற்கு ரப்பர் ஆய்வுக்காரர்கள் வைத்த பெயர் 'குளோன்'. நம் தோட்டங்களில் புகழ்பெற்ற ஆர்ஆர்ஐஎம் 600 ஒரு குளோன்தான்: ஜாவாவின் ஜிர் 1-க்கும், பிராங் பெசார் தோட்டத்தின் பிபி 86-க்கும் பிறந்தது. (பிராங் பெசார் எங்கே என்று தேட வேண்டாம். அந்தத் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது.)

குளோன்ஸில்லா என்ற பெயரைச் சொன்னதும் பெரியப்பா சிரித்தார். "எந்த மரத்துல கண் எடுக்குறோம்ங்கிறதுதான் வேல. கட்டுறது ரெண்டு நிமிசம். தப்பான மரத்துல எடுத்துட்டா ஏழு வருசம் கழிச்சித்தான் தெரியும், அதுக்குள்ள காடு பூரா அதுவா நிக்கும்" என்றார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கிந்தா பகுதியில் வேறொரு பள்ளிக்கு, பிள்ளைகளுக்கு வானொலி அறிவிப்பு எழுதக் கற்றுக்கொடுக்கும் பட்டறைக்காகப் போயிருந்தேன். நல்ல கணினி அறை. எல்லாக் கணினியும் ஒரே மாதிரி, ஒரே திரைப்படம், ஒரே வரிசையில் சின்னங்கள். யாரோ இமேஜ் இறக்கிய அறை என்று இப்போது நினைத்தால் புரிகிறது. பிள்ளைகளிடம் இரண்டு வரி அறிவிப்புத் தட்டச்சு செய்யச் சொன்னேன். இருபது பேரும் 'வணக்கம்' என்பதை ரோமன் எழுத்தில் தட்டினார்கள். தமிழ்ப்பள்ளி, தமிழ்ப் பாடம், தமிழ்ப் பிள்ளைகள். கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லை. எழுத்துரு இருந்தது, அதனால் தமிழைப் படிக்க முடிந்தது. எழுத வழியில்லை.

ஆசிரியை முந்தின நாள் மாலை ஐந்து மணி வரைக்கும் உட்கார்ந்து ஒவ்வொரு கணினியிலும் தமிழைச் சேர்த்திருக்கிறார். "நேத்து எல்லாத்துலயும் போட்டேன் தம்பி, காலையில வந்து திறந்தா ஒன்னுலயும் இல்ல" என்றார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, பழகிப்போன அலுப்பு. கணினியை அணைத்துத் திறந்தால் முதல் நாள் செய்த மாற்றம் எல்லாம் மறைந்து பழைய நிலைக்கே திரும்பும்படி ஒரு பாதுகாப்பு மென்பொருள் அந்த இமேஜோடு வந்திருந்தது. பிள்ளைகள் எதையாவது கெடுத்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் கணக்கில் ஆசிரியை சேர்த்த தமிழும் கெடுதலில் ஒன்று. அன்று பட்டறையைத் தாளிலும் பென்சிலிலும் நடத்தினோம். நன்றாகத்தான் நடந்தது. இருந்தாலும், ஆண்டு முழுவதும் ஓர் ஆரம்பப்பள்ளிப் பிள்ளை கணினி முன் உட்கார்ந்து, தன் பெயரைத் தமிழில் எழுத முடியாது என்று ஒவ்வொரு வாரமும் கற்றுக்கொண்டிருக்கிறது. யாரும் அதைப் பாடமாக வைக்கவில்லை. இமேஜ் வைத்தது.

இதில் வில்லன் யாரும் இல்லை. அந்த இமேஜைத் தயாரித்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது; மலாயும் ஆங்கிலமும் இருந்தால் வேலை முடிந்தது என்று நினைத்திருப்பார். தமிழ் வேண்டும் என்று அந்த மேசைக்கு அருகில் நின்று சொல்ல ஒருவரும் இல்லை. தாய்க் கணினியில் அதைச் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். படி இறங்கிய பிறகு சேர்க்க வேண்டுமென்றால் 24 முறை சேர்க்க வேண்டும், பூட்டு மென்பொருள் இருந்தால் அதுவும் நிற்காது.

வேடிக்கை என்னவென்றால், கணினியில் தமிழ் எழுதும் வித்தையில் மலேசியா யாருக்கும் பின்னால் நின்றதில்லை. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது 1985-இல். அன்றைக்கு விண்டோஸ் நம்மில் பெரும்பாலானோர் கேள்விப்படாத பெயர். இன்று ஆப்பிள் கணினியில் தமிழ் விசைப்பலகையைத் தேடினால் அங்கே ஒன்றின் பெயர் 'அஞ்சல்', இன்னொன்றின் பெயர் 'தமிழ்99'. தமிழ்99 என்பது 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்டு, தமிழ்நாடு அரசு தரமாக ஏற்ற விசைப்பலகை. லினக்ஸில் ஐபஸ் என்ற சின்னக் கருவியைச் சேர்த்தால் தமிழ்99 காசில்லாமல் வந்து உட்காரும். விண்டோஸிலும் உண்டு, கேட்டுச் சேர்த்தால். எல்லாம் இருக்கிறது, இமேஜுக்குள் வைக்க ஒரு கை மட்டும் வேண்டும்.

அந்தக் கையை ஓர் அரசாங்கமே நீட்டினால் எப்படி இருக்கும் என்பதற்குக் கேரளத்தைப் பார்க்கலாம். 2001-இல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம், இப்போது கைட் என்ற அரசு நிறுவனமாக இருக்கிறது. அவர்கள் கடையில் கிடைக்கும் இயங்குதளத்தை அப்படியே பள்ளிக்கு அனுப்பவில்லை. உபுண்டுவை எடுத்து, மலையாள எழுத்துருக்களும் தட்டச்சும் சேர்த்து, பாடநூலில் வரும் மென்பொருள்களை, ஜியோஜிப்ரா போன்ற கணிதக் கருவிகளை எல்லாம் உள்ளே வைத்து, மாநிலத்துக்கென்றே ஒரு தாய் இமேஜ் தயாரிக்கிறார்கள். பாடத்திட்டம் மாறினால் புதிய பதிப்பு வரும். மலையாளத்தில் எழுத வரவில்லை என்று அங்கே ஒரு டீச்சர் மாலை ஐந்து மணி வரை உட்கார வேண்டியதில்லை. 2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள் மூலமாகப் பிள்ளைகளே இந்த வேலைகளில் கைகொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும், பல மடிக்கணினிகளில் சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஏற்றியே கொடுத்தார்கள். இலட்சக்கணக்கான பிள்ளைகள் பெட்டியைத் திறந்ததும் என்ன பார்ப்பார்கள் என்பதை ஒரு மேசையில் ஒரு சிலர் தீர்மானித்தார்கள் என்று நினைத்தால் கொஞ்சம் மலைப்பாகவே இருக்கிறது.

மலைப்பு இருக்க வேண்டியதுதான், ஏனென்றால் நல்லது பரவும் அதே வேகத்தில் கெட்டதும் பரவும். 2014 மே மாதம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஒரு விண்டோஸ் 7 இமேஜ், தவறுதலாகப் பல்கலைக்கழகத்தின் விண்டோஸ் கணினிகளுக்கெல்லாம் அனுப்பப்பட்டுவிட்டது. மேசைக் கணினி, மடிக்கணினி, சர்வர் எல்லாம் தம்மைத் தாமே அழித்துப் புதிதாக எழுதத் தொடங்கின. தடுக்கலாம் என்று அனுப்பும் சர்வரை நிறுத்தப் போனால், அந்த சர்வரும் கட்டளையைக் கேட்டுத் தன்னை அழித்துக்கொண்டிருந்தது. 2024 ஜூலை 19-ஆம் தேதி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான புதுப்பிப்பில் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில்கூட வரிசை நீண்டது. அது டிஸ்க் இமேஜ் இல்லை, ஆனால் காரணம் ஒன்றுதான்: எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

ரப்பர்காரர்களுக்கு இது தெரியும். ஹென்றி ஃபோர்ட் 1928-இல் பிரேசிலின் அமேசான் காட்டில் பெரிய ரப்பர்த் தோட்டம் தொடங்கினார். நெருக்கமாக நட்ட மரங்களில் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் மரத்துக்கு மரம் தாவியது. 1945-இல் ஃபோர்ட் நிறுவனம் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடம் விற்றுவிட்டு வெளியேறியது. ஒரு கணினி அறையில் 24 கணினிக்கும் ஒரே கடவுச்சொல், ஒரே மறைவான ஓட்டை என்றால் அதுவும் நெருக்கமாக நட்ட தோட்டம்தான். அதற்காக ஒட்டுக்கட்டுவதை யாரும் விட்டுவிடவில்லை. கண் எடுக்கும் மரத்தைக் கவனமாகப் பார்க்கிறார்கள்.

நம் பள்ளியில் இந்த வேலை நடக்கப்போகிறது என்றால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லக்கூடிய சில விஷயங்களைத் தருகிறேன். கணினிப் படிப்பு எதுவும் தேவையில்லை.

முதலாவது, நன்கொடைக் கணினியில் கொடுத்தவரின் பழைய தகவல் இருக்கும். வாடிக்கையாளர் பெயர், அடையாள அட்டை எண், சம்பளப் பட்டியல், எதுவும் இருக்கலாம். இமேஜை மேலே இறக்கிவிட்டால் அழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அழியாது. இமேஜ் தனக்குத் தேவையான இடத்தில் மட்டும்தான் எழுதும். மிச்ச இடத்தில் பழையது அப்படியே கிடக்கும், தேடத் தெரிந்தவருக்குக் கிடைக்கும். ஆகவே முதலில் முழுமையாகத் துடைக்கச் சொல்லுங்கள். கொடுக்கும் நிறுவனமே துடைத்துக் கொடுப்பது இன்னும் நல்லது.

அடுத்து, இருப்பதிலேயே சின்ன ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியைத் தாய்க் கணினியாக்கச் சொல்லுங்கள். 500 ஜிபி டிஸ்க்கில் எடுத்த இமேஜ் 240 ஜிபி டிஸ்க்கில் பொதுவாக இறங்காது. சின்னதில் எடுத்தது பெரிதில் இறங்கும். இது தெரியாமல் அரை நாள் போன இடங்கள் உண்டு. வேலை நடக்கும்போது அந்த அறையின் ஸ்விட்ச்சைப் பள்ளி அலுவலக வலையிலிருந்து கழற்றிவிட வேண்டும். எமரி கதைக்காக மட்டும் சொல்லவில்லை. முகவரி தருகிற வேலைக்கு ஏற்கெனவே பள்ளி மோடம் இருக்கும், ஒரே வலையில் இரண்டு பேர் முகவரி கொடுத்தால் குழப்பம் வரும்.

விண்டோஸ்தான் வேண்டும் என்றால் உரிமத்தைப் பற்றிக் கேளுங்கள். கணினியை நகல் எடுக்கும் வித்தை உரிமத்தை நகல் எடுத்துத் தராது. படி எடுப்பதற்கு முன் ஒவ்வொரு கணினிக்கும் தனி அடையாளம் வரும்படி பொதுவாக்கவும் வேண்டும்; மைக்ரோசாஃப்டில் அதற்கு சிஸ்பிரெப் என்ற கருவி இருக்கிறது. லினக்ஸிலும் கணினியின் பெயர், அதன் அடையாள எண், சாவிகள் ஆகியவற்றை நீக்கிவிட்டுத்தான் படி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 24 பேரும் ஒரே அடையாள அட்டையோடு சுற்றுவார்கள்.

மேலே சொன்னதையெல்லாம் ஒரு நல்ல தொழில்நுட்பர் நீங்கள் கேட்காமலே செய்துவிடுவார். கேட்டால்தான் நடக்கும் என்பது ஒன்றே ஒன்று. இமேஜ் எடுப்பதற்கு முன், தமிழ் ஆசிரியை ஒருவரை அந்தத் தாய்க் கணினி முன் உட்கார வையுங்கள். மாணவர் கணக்கில் நுழைந்து, தமிழில் ஒரு பத்தி தட்டச்சு செய்து, சேமித்து, அச்சடித்துப் பார்க்கட்டும். 'ஸ்ரீ' சரியாக வருகிறதா, 'கொ'வில் கொம்பும் காலும் தன் இடத்தில் நிற்கின்றனவா என்று பார்க்கட்டும். பிறகு கணினியை அணைத்துத் திறந்து மறுபடி ஒரு முறை. பத்து நிமிட வேலை. சுங்கை சிப்புட்டில் அன்று இதைச் செய்த ஆசிரியை, அச்சில் உயிர்மெய் எழுத்துகள் உடைந்து வருவதைக் கண்டுபிடித்தார். திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அண்ணனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க அவ்வளவாக வராது, சீனப்பள்ளியில் படித்தவர். அந்த ஆசிரியை இல்லாவிட்டால் 24 கணினியிலும் அதே உடைந்த எழுத்துதான். எழுத்துருவை மாற்றினார்கள், சரியாகிவிட்டது. அதன் பிறகுதான் அவர் இமேஜ் எடுத்தார்.

ஆண்டிறுதி விடுமுறையில் பல பள்ளிகளில் கணினி அறையைத் திறந்து போடுவார்கள். உங்கள் பள்ளியிலும் நடந்தால் இமேஜைப் பற்றி எழுத்தராக இருப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இமேஜ் உள்ள டிஸ்க்கின்மேல் தேதியும், எந்த வகைக் கணினிக்கு என்பதையும் எழுதி ஒட்டி இரும்பு அலமாரியில் வைக்க வேண்டும். இன்னொரு படியைப் பள்ளிக்கு வெளியே, நிர்வாகக் குழுவில் யாராவது ஒருவர் வீட்டில் வைக்க வேண்டும். ஆற்றோரத்துத் தோட்டப்பள்ளிகளில் தண்ணீர் ஏறினால் அது அலமாரியின் கீழ்த்தட்டில்தான் முதலில் நிற்கும்.